அப்பா நடந்த மலை

கேள்வி: அப்பாவின் முதல் திதி வருகிறது. தோட்ட வேலை முடிந்தால் மலைப்பக்கம் கிளம்பிவிடுவார். சத்தத்தை வைத்தே பறவையின் பெயர் சொல்வார். அவர் நினைவை எப்படிக் காப்பது?
– வாசகர், அனுமந்தன்பட்டி

பதில்: வழி உங்கள் ஊர்ப் பக்கமே இருக்கிறது. பெரியாற்று நீரைக் கிழக்கே திருப்பிய பென்னிகுயிக் 1911-ல் மறைந்தார். அதற்காக அவர் கட்டிய அணை திறந்தது 1895-ல். இன்றும் அவர் பிறந்த ஜனவரி 15-ல் கம்பம் பள்ளத்தாக்கில் பொங்கல் வைக்கிறார்கள். பிள்ளைகளுக்கு அவர் பெயரைச் சூட்டுகிறார்கள். லோயர்கேம்ப்பில் மணிமண்டபமும் இருக்கிறது. ஆனாலும் வாய்க்காலில் தண்ணீர் வரும்போதெல்லாம் அவரை நினைக்கிறார்களே, அதுதான் பெரிய நினைவிடம்.

உங்கள் அப்பா விட்டுப்போனது அவர் கண்ட மலை. ஒரு நோட்டு எடுங்கள். அவர் நடந்த தடம், சொன்ன பறவைப் பெயர், பறித்துத் தந்த பழம் எல்லாவற்றையும் எழுதுங்கள். அவரோடு மலையேறிய பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

மேகமலைக் காட்டில் இருவாச்சி உண்டு. பெண் பறவை மரப்பொந்துக்குள் தன்னை அடைத்துக்கொண்டு அடைகாக்கும். ஆண் பறவை வாரக்கணக்கில் அத்திப்பழம் சுமந்துவந்து, சிறு பிளவு வழியே ஊட்டும். அந்த உழைப்பை உள்ளே இருக்கும் குஞ்சு பார்த்திருக்காது. ஆனால் அதில்தான் வளரும். நாமும் அப்படித்தான் வளர்ந்தோம்.

திதி முடிந்ததும், வனத்துறை அனுமதிக்கும் பாதையில் உங்கள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நடங்கள். ஒரு பறவை கூவும்போது, “இது தாத்தா சொன்ன பெயர்” என்று சொல்லுங்கள். அந்தக் குரலில் அவர் இருப்பார்.