புழுக்கத்தில் பத்து கிலோமீட்டர்

ஆகஸ்ட் மாதப் பந்தயத்துக்கு முதன்முதலாகப் பெயர் கொடுத்திருக்கும் பிள்ளைகளுக்கு இதை எழுதுகிறேன். சென்னைக் கடற்கரைச் சாலைகளில் பதினெட்டு வருடமாக ஓடுகிறேன். உங்கள் கால்களைப் பற்றி எனக்குக் கவலையில்லை, பழகப் பழக அவை தேறிவிடும். எனக்குப் பயமெல்லாம் இந்தப் புழுக்கம்தான்.

1. “பத்து கிலோமீட்டர்தானே” என்று சொல்லாதீர்கள். மாரத்தான்தான் ஆபத்து, சின்ன ஓட்டம் ஒன்றும் செய்யாது என்று பலரும் நினைக்கிறார்கள். வெப்பத்தைப் பொறுத்தவரை கதை வேறு. ஓடும்போது தசைகள் எரிக்கும் சக்தியில் முக்கால் பங்குக்கு மேல் சூடாகத்தான் மாறுகிறது. வேகம் கூடக் கூட அந்தச் சூடும் கூடும். நாலு மணி நேரம் ஓட வேண்டியவன் தானாகவே நிதானமாகப் போவான். ஒரு மணி நேரத்தில் முடிப்பவன் முழு வேகத்தில் போவான். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் கடலோரம் ஃபால்மவுத் என்ற ஊரில் ஆகஸ்ட் மாதம் ஒரு ஓட்டம் நடக்கும். தூரம் ஏழு மைல், நம் கணக்கில் சுமார் 11 கிலோமீட்டர். 1978இல் அங்கே ஆல்பர்ட்டோ சலாஸார் என்ற இருபது வயதுப் பையன் பத்தாவதாக வந்து விழுந்தான். உடல் வெப்பம் 42 டிகிரியை ஒட்டிப் போயிருந்தது. ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் கிடத்தினார்கள். பாதிரியார் வந்து கடைசி ஜெபமே சொல்லிவிட்டார். அவன் பிழைத்து, 1980 முதல் மூன்று வருடம் தொடர்ந்து நியூயார்க் மாரத்தானை வென்றான். அவ்வளவு வலுவான உடம்பையே 11 கிலோமீட்டர் கீழே தள்ளியது.

2. வெயிலை மட்டும் பார்க்காதீர்கள், காற்றில் உள்ள ஈரத்தைப் பாருங்கள். விடியற்காலை ஐந்தரைக்கு பெசன்ட் நகரில் வெப்பம் 27, 28 டிகிரிதான் காட்டும். ஈரப்பதமோ பல நாள் 80 சதவீதத்தைத் தாண்டியிருக்கும். வேர்வை சொட்டினால் உடம்பு குளிராது, காய்ந்தால்தான் குளிரும். ஒரு லிட்டர் வேர்வை ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி சூட்டை எடுத்துக்கொண்டு போகும். அதே ஒரு லிட்டர் முழங்கை வழியாக ரோட்டில் சொட்டினால் தண்ணீரும் உப்பும்தான் நஷ்டம், சூடு உள்ளேயே நிற்கும். நான் பார்க்கும் எளிய அடையாளம் ஒன்று உண்டு. முந்தின இரவு கொடியில் போட்ட துண்டு காலையிலும் நசநசவென்று இருந்தால், அன்று என் வேர்வையும் காயாது.

கடற்காற்றை நம்பி இறங்காதீர்கள். அது பெரும்பாலும் நண்பகலை ஒட்டித்தான் வரும். காலையில் கொஞ்சம் தெற்குக் காற்று அடித்தால்கூட, கலங்கரை விளக்கத்தைப் பார்த்துத் தெற்கே ஓடும்போதுதான் முகத்தில் படும். வடக்கே நேப்பியர் பாலம் பக்கம் திரும்பியதும் காற்றும் நம்மோடு சேர்ந்தே ஓடும், மேலே ஒட்டாது. அந்தப் பக்கம் வேகத்தைக் கூட்ட வேண்டாம்.

3. இரண்டு வாரம் பழக்குங்கள். ஏசி அறையில் தூங்கி, ஏசி காரில் போய், ஏசி ஜிம்மில் ஓடிவிட்டு பந்தயத்தன்று மட்டும் புழுக்கத்தில் இறங்குவது தவறு. பத்து முதல் பதினாலு நாள், தினம் ஒரு மணி நேரத்துக்குள், மெதுவாக வெளியில் ஓடுங்கள். ரத்தத்தில் நீர்ப்பகுதி கூடும், வேர்வை சீக்கிரமே சுரக்க ஆரம்பிக்கும், வேர்வையில் போகும் உப்பு குறையும். பெங்களூரிலிருந்து முந்தின ராத்திரி பஸ் ஏறி வந்து ஓடும் பிள்ளைகளுக்கு இந்தப் பழக்கம் இருக்காது. அவர்கள் டைமிங்கை மறந்துவிட்டு ஓட வேண்டும்.

4. அந்த வாரத்தில் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்திருந்தால் ஓடாதீர்கள். கட்டிய பணம் போனால் போகட்டும். முட்டி வலிக்கு என்று ஓட்டத்துக்கு முன்னால் வலி மாத்திரை போடுவதும் கூடாது. தண்ணீர் வற்றிய உடம்பில் அது சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும்.

5. ஓட்டத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னால் அரை லிட்டர் தண்ணீர் போதும். பயத்தில் லிட்டர் லிட்டராகக் குடிப்பதும் ஆபத்துதான், ரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும். இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. வேர்வையில் போவது பெரும்பாலும் சோடியம். அதனால் ஓடி முடித்ததும் உப்புப் போட்ட நீர்மோர்தான் என் கட்சி. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் உப்பு விஷயத்தை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

6. பருத்தி பனியன் வேண்டாம், நனைந்து கனக்கும். தொடை உரசும் இடத்தில் தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவுங்கள்.

7. முதல் இரண்டு கிலோமீட்டர்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. துப்பாக்கி வெடித்ததும் கூட்டம் பாயும், பாட்டு அலறும், கால் தானாக ஓடும். அப்போது அடக்குங்கள். பக்கத்தில் ஓடுகிறவரிடம் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா என்று பாருங்கள். மூச்சு வாங்கி வாக்கியம் பாதியில் நின்றால் வேகம் அதிகம். கிலோமீட்டருக்கு 20, 30 செகண்ட் கூடினால் கூடட்டும். தோலைக் குளிர்விக்க ரத்தம் அங்கே போவதால், அதே வேகத்துக்கே இதயம் வேகமாக அடிக்கும். கைக்கடிகாரம் காட்டும் பேஸுக்கு இதெல்லாம் தெரியாது. ஐந்தாவது கிலோமீட்டர் தாண்டியும் தெம்பு இருந்தால் அப்போது முந்துங்கள், நான் தடுக்க மாட்டேன்.

8. தண்ணீர் வைத்திருக்கும் இடத்தில் இரண்டு கப் எடுங்கள். ஒன்றில் இரண்டு மடக்கு குடியுங்கள், இன்னொன்றைத் தலையிலும் பிடரியிலும் ஊற்றுங்கள். குனிந்து ஊற்றினால் ஷூ நனையாது. நனைந்த ஷூவோடு ஓடினால் கால் கொப்பளிக்கும்.

9. உடம்பு சொல்வதைக் கேளுங்கள். என் இரண்டாவது பந்தயத்தில், ஏழாவது கிலோமீட்டரில் என் முன்கையைப் பார்த்தேன். வேர்வைத் துளிகளுக்கு நடுவில் ரோமமெல்லாம் குத்திட்டு நின்றது. அந்தப் புழுக்கத்தில் எனக்குக் குளிர் எடுத்தது. இதமாக இருக்கிறதே என்று ஓடினேன். அதற்கப்புறம் எனக்கு ஞாபகம் இருப்பது கூடாரத்தின் மேல்துணியும் மார்பின் மேல் ஐஸ் துண்டும்தான். அந்தக் குளிர்தான் எச்சரிக்கை. புல்லரிப்பு, தலைச்சுற்றல், கால் கோணலாக விழுவது, காரணமில்லாத எரிச்சல், எதுவானாலும் நின்று நிழலுக்கு வாருங்கள். மூளை சூடேறியவனுக்குத் தன் நிலைமை தெரியாது. அதனால் ஜோடியாக ஓடுங்கள். சந்தேகம் வந்தால் “இன்னிக்கு என்ன கிழமை?” என்று கேளுங்கள். பதில் குழறினால் கையைப் பிடித்து நிறுத்துங்கள், திட்டினாலும் விடாதீர்கள்.

10. யாராவது விழுந்துவிட்டால் முதலில் குளிர்வியுங்கள், அப்புறம்தான் வண்டி. ஒருவர் 108க்கு போன் செய்யட்டும், மற்றவர்கள் சும்மா நிற்கக் கூடாது. நிழலுக்குத் தூக்கி, மேலாடையைக் கழற்றி, ஐஸ் தண்ணீர்த் தொட்டி இருந்தால் கழுத்து வரை அமிழ்த்தி, தலை சாயாமல் பிடித்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ஐஸ் தண்ணீரில் முக்கிய துண்டுகளை உடம்பு முழுக்கப் போட்டு மாற்றிக்கொண்டே இருங்கள், விசிறுங்கள். முதல் அரை மணி நேரத்துக்குள் சூடு இறங்கினால் பெரும்பாலும் பிழைத்துவிடுவார். நினைவு தப்பியவர் வாயில் சோடாவோ தண்ணீரோ ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும்.

11. கோட்டைத் தாண்டியதும் சட்டென்று நிற்காமல் பத்து நிமிடம் நடங்கள். மெடலோடு போட்டோ அப்புறம் எடுக்கலாம். ஈர உடையை மாற்றிவிட்டு நீர்மோர் குடியுங்கள்.

12. எடை பாருங்கள். பயிற்சி ஓட்டத்துக்கு முன்னும் பின்னும், ஈர உடையில்லாமல். இடையில் ஒன்றும் குடிக்காமல் ஒரு கிலோ குறைந்திருந்தால் சுமார் ஒரு லிட்டர் வேர்வை போயிருக்கிறது. ஒவ்வொருவர் கணக்கும் வேறு, உங்களுடையதை ஒரு சீட்டில் குறித்து வையுங்கள். சனிக்கிழமை காலை ஐந்தேகாலுக்கு எலியட்ஸ் கடற்கரையில் இருப்பேன். அந்தச் சீட்டோடும் ஒரு காய்ந்த துண்டோடும் வாருங்கள், மோர் நான் கொண்டு வருகிறேன்.