ஒரு சேனலில் மட்டும் சத்தம் குறைந்தால்

கிட்டார் ஆம்ப்பில் ஒரு சேனல் முழங்க, இன்னொன்று மட்டும் கம்மிப்போனால் உடனே பெட்டியைத் திறக்கத் தோன்றும். அவசரம் வேண்டாம். சத்தம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று முதலில் அளந்துவிட்டால், கோளாறு எங்கே என்பது பெரும்பாலும் தானாகத் தெரிந்துவிடும். ப்ரீஆம்ப்புக்கு வெளியே நாமே பார்க்கக்கூடிய இடங்களும் நிறைய உண்டு.

1. முதலில் அது கோளாறுதானா என்று பாருங்கள். இரண்டு சேனலுக்கும் ஒரே சர்க்யூட் இருப்பதில்லை. ஃபெண்டர் ட்வின் ரிவர்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நார்மல் சேனலைவிட விப்ராட்டோ சேனலில் பெருக்கும் கட்டம் ஒன்று கூடுதல்; ரிவர்ப் கலப்பதும் அந்த வழியில்தான். இரண்டு வால்யூமையும் 4-இல் வைத்தால் ஒரே சத்தம் வரும் என்று எதிர்பார்க்க முடியாது. நேற்றுவரை ஒரு மாதிரி இருந்து, இன்று அதே அமைப்பில் குறைந்திருந்தால்தான் தேட வேண்டும்.

2. பெடல்களை எல்லாம் கழற்றிவிட்டு, வேறொரு குட்டை கேபிளால் கிட்டாரை நேரே ஆம்ப்பில் செருகுங்கள்.

3. எந்த ஜாக்கில் செருகியிருக்கிறீர்கள் என்று கவனியுங்கள். பழைய ஃபெண்டர் பாணி ஆம்ப்களில் ஒவ்வொரு சேனலுக்கும் 1, 2 என இரண்டு ஜாக் இருக்கும். 2-இல் செருகினால், 68 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள் இரண்டும் சிக்னலைப் பாதியாக்கிவிடும். அதாவது 6 டெசிபெல் குறைவு. ஒரு சேனலில் 1-லும் மற்றதில் 2-லும் செருகிவிட்டுக் குழம்புகிறவர்கள் பலர்.

4. காதை நம்பாமல் மீட்டரை நம்புங்கள். கிட்டார் வாசிப்பு ஒவ்வொரு தடவையும் ஒரே பலத்தில் விழாது. செல்போனில் டோன் ஜெனரேட்டர் செயலியைப் போட்டு, 400 ஹெர்ட்ஸ் ஒலியை, போனின் வால்யூமைக் குறைத்துவைத்து, ஹெட்போன் ஜாக் வழியாக ஆம்ப்புக்குக் கொடுங்கள். எஃபெக்ட்ஸ் சென்ட் அல்லது லைன் அவுட்டில் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, உறுமல் தொடங்காத அளவில் இரண்டு சேனலையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். மலிவான மீட்டர்கள் உயர்ந்த சுருதிகளைச் சரியாகக் காட்டாது, 400 போதும். ஆம்ப் நன்றாக இருக்கும்போதே இந்த அளவுகளையும் குமிழ்கள் நின்ற இடங்களையும் ஒரு சீட்டில் எழுதிப் பின்பலகையில் ஒட்டிவையுங்கள். பின்னாளில் ஒப்பிட இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

5. எஃபெக்ட்ஸ் லூப் இருந்தால் சென்டிலிருந்து ரிட்டர்னுக்கு ஒரு குட்டை கேபிளைப் போட்டுப் பாருங்கள். சத்தம் திரும்பினால் குற்றவாளி ரிட்டர்ன் ஜாக். எதுவும் செருகாதபோது அதனுள்ளே ஒரு மெல்லிய தகடு இன்னொன்றைத் தொட்டுச் சிக்னலைக் கடத்துகிறது. பல மாதம் யாரும் செருகாமல் இருந்தால் தொடும் இடம் கறுத்துவிடும். ஆம்ப்பை அணைத்துவிட்டு, கேபிளின் பிளக்கில் கான்டாக்ட் கிளீனரைத் தெளித்து, அதைப் பத்துப் பதினைந்து முறை செருகி எடுங்கள். லூப் பொதுவாக இரு சேனலுக்கும் சேர்த்து இருப்பதால் இரண்டும் குறையும். ஒரே சேனலுக்கு மட்டும் லூப் உள்ள ஆம்ப்பில் அந்த ஒன்று மட்டும் குறையும்.

6. ஃபுட்சுவிட்ச்சைக் கழற்றிவிட்டு, முன்பலகை சுவிட்ச்சில் சேனல் மாற்றிப் பாருங்கள்.

7. குமிழைத் திருப்பும்போது கரகரவென்றால், அல்லது ஓரிடத்தில் சத்தம் திடீரென எழும்பினால், உள்ளே தூசி. ஆம்ப்பை அணைத்துவிட்டு, கன்ட்ரோலின் இடைவெளியில் சிறிது கான்டாக்ட் கிளீனரைத் தெளித்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இருபது முறை திருப்பி, உலரவிடுங்கள். கன்ட்ரோலை எட்டப் பெட்டியைத் திறக்கத்தான் வேண்டும் என்றால் இதையும் மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். கதவுக் கீலுக்குப் போடும் சாதாரண டபிள்யூடி-40 வேண்டாம். எண்ணெய்ப் படலம் தங்கித் தூசியைச் சேர்க்கும்.

8. வால்வு ஆம்ப்பில் எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. ஆம்ப்பை அணைத்து, வால்வு ஆறிய பிறகு, இரண்டு சேனலின் முதல் வால்வுகளையும் இடம் மாற்றிப் போடுங்கள். ட்வின் ரிவர்பில் பின்புறம் தொங்கும் வரிசையில் முதலாவது நார்மலுக்கு, இரண்டாவது விப்ராட்டோவுக்கு. இரண்டுமே 12ஏஎக்ஸ்7 வகை. தகர மூடியைக் கழற்றி, லேசாக அசைத்து, நேராக இழுங்கள். ஒன்பது கால்களில் ஓரிடத்தில் மட்டும் இடைவெளி அகலமாக இருக்கும். அதைப் பொருத்தித்தான் செருக வேண்டும். மாற்றியதும் பலவீனம் அடுத்த சேனலுக்குப் போனால் வால்வுதான் போய்விட்டது. போகாவிட்டால் வால்வு நல்லதே, கோளாறு உள்ளே. கண்ணாடியில் அச்சிட்ட எண்ணையும் படியுங்கள். 12ஏடி7, 12ஏயூ7 இரண்டும் அதே சாக்கெட்டில் உட்காரும். ஆனால் 12ஏஎக்ஸ்7-இன் பெருக்கும் திறன் 100 என்றால், முன்னதன் திறன் ஏறக்குறைய 60, பின்னதன் திறன் ஏறக்குறைய 20.

9. பேட்டரியில் ஓடும் ப்ரீஆம்ப் என்றால் புது 9 வோல்ட் பேட்டரி போட்டுவிட்டு மற்றதை யோசியுங்கள்.

10. இதற்கு மேல் பெட்டியை நீங்கள் திறக்க வேண்டாம். ட்வின் போன்ற ஆம்ப்பில் 400 வோல்ட்டுக்கு மேல் ஓடுகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கப்பாசிட்டர்களில் அது தங்கி நின்று உயிருக்கே ஆபத்தாகும். வால்வு ஆம்ப் பார்த்துப் பழகிய மெக்கானிக்கிடம் கொடுங்கள். கொடுக்கும்போது உங்கள் அளவுச் சீட்டையும் சேர்த்துக் கொடுங்கள். எல்லாச் சுருதியிலும் சத்தம் ஏறக்குறையச் சரிபாதியாகியிருந்தால், வால்வின் கேத்தோடில் இருக்கும் 25 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர் காய்ந்துபோயிருக்கலாம் என்று சொல்லுங்கள்: அது வேலை செய்யாதபோது 60 மடங்கு பெருக்கும் கட்டம் 30 மடங்கில் நின்றுவிடும். கீழ் ஒலிகள் மட்டும் மெலிந்து சன்னமாகக் கேட்டால், கட்டங்களுக்கு இடையிலுள்ள கப்ளிங் கப்பாசிட்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். ஆம்ப் சூடானபின் சத்தம் ஏறி இறங்கினால் டிரை சால்டர், அதாவது சரியாகப் பிடிக்காத ஈயப்பற்று, இருக்க வாய்ப்பு அதிகம். எத்தனை நிமிஷம் ஓடியபின் அப்படி ஆகிறது என்பதையும் சீட்டில் குறித்திடுங்கள்.