களாக்காய் ஜாம்: பறிக்கும் பருவமும் பாகின் பதமும்

ஒசூர், தளி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி வட்டாரங்களில் காட்டோரங்களிலும் கல் வரப்புகளிலும் களா முட்புதராக வளர்ந்து நிற்கிறது. எல்லைப் பகுதியாகையால் களா, கவளி, வாக்காய் என மூன்று மொழிப் பெயர்களும் இங்கு வழங்குகின்றன. காய் ஊறுகாய்க்குப் போகிறது. பழமோ பிள்ளைகளும் பறவைகளும் தின்றது போகப் புதரடியில் உதிர்ந்து வீணாகிறது. இதனை ஜாமாக்கி வைத்துக்கொள்ளலாம். ஆனால் சிலருக்குப் பாகு உறைவதில்லை. சிலருக்கு மிட்டாய் போல் இறுகிவிடுகிறது. முன்னதற்குப் பெரும்பாலும் பறித்த பருவமே காரணம்; பின்னதற்கு ஊரின் உயரமும் ஒரு காரணம்.

பறிக்கும் பருவம்

ஜாம் உறையப் பழத்தில் பெக்டின் என்னும் பொருளும் புளிப்பும் வேண்டும். பழுக்கப் பழுக்க இவ்விரண்டும் குறையும். நன்கு கருத்த பழத்தில் நிறமும் இனிப்பும் உண்டு. உறையும் தன்மை குறைவு. ஆகவே சிவந்துவரும் செங்காய் மூன்று பங்கும் கருத்த பழம் ஒரு பங்குமாகச் சேர்த்துப் பறியுங்கள். காம்பில் கசியும் வெண்பால் நீங்க, உப்பு நீரில் சிறிது நேரம் இட்டு இருமுறை அலசவும். களா, அரளிக் குடும்பத்தைச் சேர்ந்தது. பால் வடியும் காய்கள் பல நஞ்சுள்ளவையாதலால், ஐயமுள்ள எதையும் கூடையில் சேர்க்க வேண்டாம். புதரோடு பின்னிக் கிடக்கும் உன்னிச்செடியின் காய்களும் கலந்துவிடக் கூடாது.

பதம் காணுதல்

ஒரு கிலோ பழத்தை அரை லிட்டர் நீரில் மசிய வேகவைத்து, சல்லடையில் தேய்த்து விதையை நீக்கவும். எவர்சில்வர் பாத்திரமே ஏற்றது. செம்பையும் அலுமினியத்தையும் புளிப்பு அரித்துவிடும். கூழின் எடைக்குச் சமமாகச் சர்க்கரை சேர்த்து, கிளறிக்கொண்டே கொதிக்கவிடவும்.

நூல்களில் முடிவுப் பதம் 105 பாகை செல்சியசு என்றிருக்கும். அது கடல் மட்டத்துக்குரிய கணக்கு. ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலுள்ள ஒசூரில் நீர் சுமார் 97 பாகையிலேயே கொதிக்கும். கொதிநிலைக்கு மேல் 5 பாகை என்பதே விதியாதலால், இங்கு 102 பாகையில் இறக்கிவிட வேண்டும். 105 வரை காய்ச்சினால் கரண்டி இறங்காது. தாழ்ந்த கிருஷ்ணகிரி நகரில் ஏறக்குறைய 103 பாகை சரியாகும். முதலில் வெறும் நீரைக் கொதிக்கவைத்து வெப்பமானியைப் பார்த்துக்கொள்ளுங்கள். வெப்பமானி இல்லையேல் குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விடுங்கள். ஆறியபின் விரலால் தள்ளும்போது மேற்பரப்பு சுருங்கினால் பதம். வெந்நீரில் கொதிக்கவைத்து உலர்த்திய புட்டிகளில் சூடாகவே நிரப்பி மூடவும். ஈரப் புட்டியில் பூஞ்சணம் எளிதில் பற்றும். விற்பதானால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய வேண்டும்.

காடா, வரப்பா?

இப்பகுதிக் காடுகளில் பெரும்பரப்பு 2014இல் காவிரி வடக்கு, 2022இல் காவிரி தெற்கு வனஉயிரினச் சரணாலயங்களாக அறிவிக்கப்பட்டது. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் பழங்குடியினருக்கும் வழிவழியாகக் காட்டை நம்பி வாழ்வோருக்கும் தரும் உரிமை வேறு. மற்றவர் அனுமதியின்றிச் சென்று பறித்தல் குற்றமாகும். யானையும் கரடியும் நடமாடும் புதரில் ஒரு கூடைப் பழத்திற்காக உயிரைப் பணயம் வைப்பதும் தகாது.

உங்கள் வரப்பிலேயே மூன்றடிக்கு ஒன்றாகக் களாவை நட்டால் வேலியும் ஆகும், பழமும் கிடைக்கும். ஜாமுக்கு வெந்த விதை முளைக்காது. நன்கு பழுத்த பழங்களை முன்னரே தனியே எடுத்து, விதையைக் கழுவி, நிழலில் சிறிது உலர்த்தி உடனே பைகளில் விதைத்துவிடுங்கள். நாள்பட்டால் முளைப்புத்திறன் வெகுவாகக் குறைந்துவிடும்.