சூரைக்கு ஏன் சிவப்புச் சதை?

கேள்வி: மற்ற மீன்களின் சதை வெளுப்பாக இருக்க, சூரை மட்டும் ஏன் சிவந்திருக்கிறது?

பதில்: ஓயாத நீச்சலின் நிறம் அது. வாயைத் திறந்தபடி நீந்தினால்தான் சூரையின் செவுள் வழியே தண்ணீர் ஓடும். நின்றால் மூச்சு முட்டிவிடும். இரவு பகலாக உழைக்கும் அந்தத் தசையில், ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும் மயோகுளோபின் என்ற சிவப்புப் புரதம் நிறைந்திருக்கிறது.

அடுத்த முறை துண்டு போடும்போது பாருங்கள்: கருஞ்சிவப்புத் தசை நடுமுள் பக்கமாக உள்ளே இருக்கும். பிற மீன்களில் அது தோலுக்கடியில் மெல்லிய பட்டைதான். உள்ளிருந்து தசைநாண்கள் விசையை வாலுக்குக் கடத்துவதால், விலாங்குபோல உடல் முழுதும் நெளிவதில்லை. பிறைவடிவ வால்தான் அடிக்கிறது.

எனக்குப் பெரிய வியப்பு வேறு. தசையில் பிறக்கும் சூடு செவுளுக்குப் போய் வீணாகாமல், ஒட்டி ஓடும் ரத்தக் குழாய்கள் அதைத் தசைக்கே திருப்பிவிடுகின்றன. அட்லாண்டிக்கின் குளிர்நீரிலும் நீலத்துடுப்புச் சூரை வேகம் குறையாமல் இரையைத் துரத்துவது இதனால்தான்.