புதிய விரிவுரையாளர்களுக்கு: மாணவர்களை மாணவர்களே தெளிய வைக்கும் வகுப்பு – முழுமையான வழிகாட்டி

"புரிந்ததா?" என்று கேட்டால் "புரிந்தது சார்" என்று மொத்த வகுப்பும் சொல்லும். அதை நம்பி அடுத்த யூனிட்டுக்குப் போகாதீர்கள். ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூரின் மாணவர்கள் கடினமான கணக்குகளையும் போட்டார்கள்; அவருக்கும் நல்ல ஆசிரியர் என்ற பெயர். ஆனால் லாரியும் காரும் மோதினால் எதன் மீது அதிக விசை என்பது போன்ற எளிய கேள்விகளில் பலர் தடுமாறினார்கள். (இரண்டின் மீதும் ஒரே அளவுதான்.) 1991இல் அவர், மாணவர்களே ஒருவருக்கொருவர் விளக்கும்படி வகுப்பு நடத்தும் விதத்தையே மாற்றினார். அதை நீங்களும் செய்யலாம்.

படி 1: கேள்வியைத் தயார் செய்யுங்கள்

உழைப்பெல்லாம் இங்கேதான். வரையறை கேட்கும் கேள்வி உதவாது; மனப்பாடம் தப்பித்துவிடும். பொருளாதார வகுப்பா? "பணவீக்கம் 8 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தால் விலைவாசி என்ன ஆகும்?" என்று கேளுங்கள். குறையும், மாறாது, முன்பைவிட மெதுவாக ஏறும் என்று மூன்று விடைகள் கொடுங்கள். "குறையும்" என்பவர்கள் எத்தனை பேர் என்று பார்த்தால் அசந்துபோவீர்கள். தவறான விடைகளை நீங்களாகக் கற்பனை செய்ய வேண்டாம். பழைய இன்டர்னல் விடைத்தாள்களில் கொட்டிக் கிடக்கின்றன.

படி 2: பேச்சைக் குறையுங்கள்

ஒரு கருத்துக்குப் பத்து நிமிடம் போதும். பிறகு கேள்வி.

படி 3: தனியாக யோசிக்க விடுங்கள்

ஓரிரு நிமிடம் யாரும் பேசக் கூடாது. பிறகு அ, ஆ, இ என்று எழுதிய அட்டைகளை எல்லோரும் ஒரே நேரத்தில் நெஞ்சோடு வைத்துக் காட்டட்டும். தலைக்கு மேல் தூக்கினால் பின் பெஞ்ச் காப்பியடிக்கும். சரியான விடையை இப்போது சொல்லாதீர்கள், முகத்திலும் காட்டாதீர்கள்.

படி 4: எண்ணிப் பாருங்கள்

சரியாகச் சொன்னவர்கள் 30 சதவீதத்துக்கும் குறைவு என்றால் நீங்கள் மறுபடி விளக்க வேண்டும். 70க்கு மேல் என்றால் சுருக்கமாகச் சொல்லிவிட்டு நகருங்கள். இடைப்பட்ட அளவு வந்தால்தான் விவாதம் சூடு பிடிக்கும்.

படி 5: பேச விடுங்கள்

ஒவ்வொருவரும் வேறு விடை சொன்னவரைத் தேடிப் பிடித்து, தன் காரணத்தைச் சொல்லட்டும். மூன்று நான்கு நிமிடம் வகுப்பு சந்தைக்கடையாக இருக்கும். வராந்தாவில் போகும் துறைத்தலைவரிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது. நீங்கள் நடந்துகொண்டே காது கொடுங்கள், குறுக்கிடாதீர்கள். நேற்றுத்தான் அந்தக் குழப்பத்திலிருந்து மீண்ட மாணவிக்கு, தோழி எங்கே சிக்கியிருக்கிறாள் என்று தெரியும். நமக்கு அது மறந்து பல வருடமாகிவிட்டது.

தெரிந்தவன் சொல்வதை மற்றவன் வாங்கிக்கொள்கிறான், அவ்வளவுதானே என்ற சந்தேகம் நியாயமானது. கொலராடோ பல்கலைக்கழக மரபியல் வகுப்பில் நடந்த ஆய்வு 2009இல் வெளியானது. குழுவில் ஒருவருக்குமே முதலில் விடை தெரியாதபோதும், பேசிய பிறகு அதே வகையான புதிய கேள்விக்கு மாணவர்கள் முன்பைவிட நன்றாகப் பதிலளித்தார்கள்.

படி 6: மறுபடி அட்டை

அதே கேள்விக்கு எல்லோரும் மீண்டும் அட்டை காட்டட்டும். இப்போது விடையைச் சொல்லுங்கள். தவறான விடை ஏன் சரிபோலத் தோன்றியது என்பதையும் விளக்குங்கள். அட்டைக்கு மதிப்பெண் போடாதீர்கள். போட்டால் முதல் பெஞ்சைப் பார்த்தே எல்லா அட்டையும் உயரும்.

போர்ஷன் முடியுமா?

எல்லாவற்றையும் வகுப்பில் சொல்லியே தீர வேண்டும் என்றால் முடியாது. படித்தாலே விளங்கும் பகுதிகளை முந்தைய நாளே வாசிக்கக் கொடுத்துவிடுங்கள். முதல் மாதம் வகுப்புக்கு ஒரே கேள்வி போதும், அதுவும் உங்களுக்கு மிகவும் பழக்கமான யூனிட்டில்.