சுக்கான் காக்கும் உலோகம்

செங்கல்பட்டில் பல்லாண்டு உழைக்கும் இரும்புச் சன்னல்கம்பி, ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மாமல்லபுரக் கடற்கரையில் விரைந்து துருவேறி உதிர்கிறது. கடற்கரைக் கோயிலின் கல்லையே தேய்க்கும் உப்புக்காற்றுக்கு இரும்பு எம்மாத்திரம்? காற்றுக்கே இவ்வளவு வலிமை எனில், கடல்நீரில் மூழ்கியிருக்கும் கலத்தின் உறுப்புகளின் நிலை என்ன?

கலத்தின் திசையை ஆள்வது சுக்கான். பாய்மரப் படகில் அதன் தண்டு, ‘பேரிங்’ எனப்படும் தாங்கிகளுக்குள் திரும்புகிறது. இரண்டிற்கும் இடையிலுள்ள குறுகிய இடைவெளியில் கடல்நீர் தேங்குகிறது. துருவேறா எஃகைக் காப்பது, அதன்மேல் படர்ந்துள்ள குரோமியம் ஆக்சைடு என்னும் மெல்லிய படலமே. அப்படலம் சிதைந்தால் மீண்டும் உருவாக ஆக்சிஜன் வேண்டும். தேங்கிய நீரிலோ ஆக்சிஜன் குறைகிறது. குளோரைடு அயனிகள் படலத்தைத் துளைக்கின்றன. இதுவே இடுக்கு அரிமானம். வெளியே பளபளக்கும் தண்டு உள்ளே குழிவிழுந்து, ஒருநாள் நடுக்கடலில் முறியக்கூடும்.

மற்றொரு கேடும் உண்டு. எஃகுத் தண்டும் அலுமினியத் தாங்கியும் தொட்டுக்கொண்டிருந்தால், கடல்நீர் மின்பகுளியாகி அங்கு ஒரு மின்கலம் உருவாகிறது. வினைத்திறன் மிகுந்த அலுமினியம் அரிக்கப்படுகிறது. அப்போது தோன்றும் வெண்பொடி இடைவெளியை அடைத்துச் சுக்கானை இறுகச் செய்கிறது.

இவ்விதியையே காப்பாகவும் மாற்றலாம் என்று 1824இல் காட்டியவர் ஹம்ப்ரி டேவி. பிரித்தானியக் கப்பல்களின் செப்புத் தகடுகளோடு அவர் துத்தநாகத்தையும் இரும்பையும் இணைத்தார். அவை கரைந்தன, செம்பு பிழைத்தது. ஆயினும் கரையாத செம்பின்மீது கடலுயிரிகள் ஒட்டி வளர்ந்து கப்பலின் வேகத்தைக் குறைத்தன. ஒரு தீர்வு, மற்றொரு சிக்கலைத் திறந்தது. இத்தகைய சிக்கல்களை ஆராயும் காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம், மண்டபத்தில் கடல்சார் அரிமானச் சோதனை நிலையத்தைக் கொண்டுள்ளது.

சுக்கானைக் காக்கும் வழிகள் எளியவை. உலோகங்கள் ஒன்றையொன்று தொடாதவாறு நெகிழித் தாங்கிகளைப் பொருத்தலாம். தண்டோடு மின்தொடர்பு கொண்ட துத்தநாகத் துண்டை நீரில் மூழ்குமாறு இணைக்கலாம்; அதன்மேல் வண்ணம் பூசினால் அது பயன்தராது. கரை சேர்ந்ததும் இடுக்குகளை நன்னீரால் கழுவி, குறித்த காலங்களில் தண்டைக் கழற்றிப் பார்த்தல் வேண்டும். தேய்ந்த துத்தநாகம் வீணானதன்று. தன்னை இழந்து சுக்கானைக் காத்தது. அதனை உரிய காலத்தில் மாற்றுவதே கலத்தில் செல்வோரின் உயிருக்குக் காப்பாகும்.