கருமணலில் கத்தும் மெஷின்

மெட்டல் டிடெக்டர் வாங்க நினைக்கிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது, "எவ்வளவு ஆழம் பார்க்கும்?" என்றுதான். திருச்செந்தூர்க் கடற்கரையில் அதைவிட முக்கியமான கேள்வி, எதையெல்லாம் கண்டுகொள்ளாமல் விடும் என்பது. கடலாட வந்தவர்கள் தொலைத்த நகையைத் தேடிக் கொடுக்கப் போய்ப் பழகியதில் எனக்குத் தெரிந்தது இது. இந்த மண்ணில் மெஷினுக்குப் பாதி வேலை, மண்ணின் சத்தத்தை அடக்கி வைப்பது.

பாகங்களைப் பற்றிப் பயப்பட ஒன்றுமில்லை. கீழே வட்டமாக இருப்பது காயில், நடுவில் தண்டு, கைப்பிடிக்குப் பக்கத்தில் கன்ட்ரோல் பாக்ஸ். காயிலுக்குள் இரண்டு செம்புச் சுருள்கள் உண்டு. ஒன்று மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலத்தை மண்ணுக்குள் அனுப்பும். அங்கே உலோகம் இருந்தால் அதில் சுழல் மின்னோட்டம் கிளம்பி, அதுவும் ஒரு சின்னக் காந்தப்புலத்தை உண்டாக்கும். அதை மற்றச் சுருள் பிடித்துக்கொள்ளும். 1881-இல் குண்டடிபட்டுக் கிடந்த அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டின் உடலில் குண்டைத் தேட கிரகாம் பெல் கொண்டுபோன கருவிக்கும் அடிப்படை இந்தத் தூண்டல்தான். அங்கே அவர் குண்டைக் கண்டுபிடிக்கவில்லை. மெத்தைக்குள் இருந்த கம்பிச்சுருள் குழப்பிவிட்டது என்பார்கள்.

நம் ஊரில் அந்த மெத்தைக் கம்பியின் வேலையைச் செய்வது கருமணல். இல்மனைட், கார்னெட் எல்லாம் கலந்த கரை இது. 2013-இல் அரசு தாது மணல் எடுக்கத் தடை போட்டதும் இந்தப் பக்கத்துக் கடற்கரைகளில்தான். மணலோடு சேர்ந்திருக்கும் காந்தத் தாது ஒரு பக்கம் காயிலை ஏமாற்றும். உப்புத்தண்ணீர் மின்சாரத்தைக் கடத்துவதால் அது இன்னொரு பக்கம் ஏமாற்றும். கிரவுண்ட் பேலன்ஸ் என்ற அமைப்பு இதற்காகத்தான் இருக்கிறது. உலோகம் இல்லாத இடமாகப் பார்த்து, காயிலைத் தரையை நோக்கி மேலும் கீழும் ஏற்றி இறக்கி, சத்தம் அடங்கும் வரை சரிசெய்ய வேண்டும். காய்ந்த மணலில் சரிசெய்துவிட்டு ஈரமணலுக்குப் போனால் மெஷின் மறுபடி கத்தும், அங்கே திரும்பவும் செய்ய வேண்டும். கருமணலும் உப்பு ஈரமும் ஒன்றாக இருக்கும் இடத்தில் ஒற்றை அலைவரிசை மெஷின் திணறும். ஒன்றைச் சமன் செய்தால் மற்றது எகிறும். பல அலைவரிசை மெஷினோ, பல்ஸ் இண்டக்‌ஷன் வகையோ இருந்தால் நிம்மதி. ஆனால் பல்ஸ் வகையில் இரும்பையும் தங்கத்தையும் பிரித்துப் பார்ப்பது கஷ்டம், ஊக்கு, கொண்டை ஊசி எல்லாவற்றுக்கும் தோண்ட வேண்டியிருக்கும்.

"அண்ணாச்சி, தங்கத்த மட்டும் காட்டுற மாதிரி வைக்க முடியாதா?" என்று நகையைத் தொலைத்த ஒரு அம்மா கேட்டார். அப்படி ஒரு மெஷின் இல்லை தாயி என்றுதான் சொல்ல முடிந்தது. டிஸ்கிரிமினேஷன் என்பது உலோகத்தின் பெயரைச் சொல்லாது. பதில் அலை எவ்வளவு பின்தங்கி வருகிறது என்பதை வைத்து ஓர் எண் காட்டும், அவ்வளவுதான். இரும்பு பொதுவாகக் கீழே, வெள்ளியும் செம்பும் மேலே. இப்போதைய ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் நாணயங்கள் காந்தம் இழுக்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்பதால் பெரும்பாலும் இரும்போடு ஒதுங்கிவிடும். கடலில் காசு போடுகிற ஊரில் அது பெரிய உபகாரம். சிக்கல் நடுவில் இருக்கிறது. மெல்லிய மோதிரமும், மாத்திரை அட்டையின் அலுமினியத் தாளும் ஏறத்தாழ ஒரே எண்ணில் வரும். தாளை ஒதுக்கினால் மோதிரமும் போகும். அதனால் நகை தேடும்போது நான் இரும்பைத் தாண்டி எதையும் ஒதுக்குவதில்லை.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. மோதிரம் மூடிய வளையம், மின்னோட்டம் தங்குதடையில்லாமல் சுற்றும், சத்தம் நன்றாக வரும். மெல்லிய சங்கிலி எத்தனை பவுன் என்றாலும் மெஷினுக்கு அது தனித்தனிக் கண்ணிகள்தான், முனகல்தான் கேட்கும். கோத்திருக்கும் தாலியோ டாலரோ கொக்கியோதான் காட்டிக்கொடுக்கும். ஆகவே சங்கிலி தொலைந்தது என்றால், அதில் என்ன கோத்திருந்தது என்று முதலில் கேளுங்கள்.

எங்கே தேடுவது என்பதைக் கையேடு சொல்லாது. கரையில் சிப்பி அரிக்கிறவர்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும். அலை மணலைத் தரம் பிரித்துப் போடுகிறது. சாதாரண மணலின் அடர்த்தி 2.65, காந்தத் தாது 5-க்குச் சற்று மேல், தங்கம் 19.3. கனமானதெல்லாம் பள்ளத்தில் ஒன்றாக ஒதுங்கும். எந்தக் கறுப்புக் கோட்டில் மெஷின் அதிகம் பிதற்றுகிறதோ, தங்கமும் அங்கேதான் கிடக்க வாய்ப்பு. அந்த இடத்தில் சென்சிட்டிவிட்டியைக் குறைத்துவிட்டு மெதுவாகப் போங்கள். கூட்டி வைத்தால் ஆழம் கூடாது, இரைச்சல்தான் கூடும். காயிலைத் தரைக்கு இணையாக, வீச்சின் இரு முனையிலும் மேலே தூக்காமல் கொண்டுபோக வேண்டும். பெரிய காயில் வேண்டாம், சின்னது போதும், அது பார்க்கும் மண்ணும் குறைவு. கந்த சஷ்டித் திருவிழாக் கூட்டத்தில் ஜெனரேட்டர், மின்கம்பி, செல்போன் எல்லாம் சேர்ந்து இரையும், அதிகாலைதான் தோது.

மெஷினைப் பார்த்ததும் ஆதிச்சநல்லூருக்குப் போவோமா என்று கண்ணடிக்கும் இளவட்டங்கள் உண்டு. தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ தோண்டிப் பொன் பட்டங்களை எடுத்த பறம்பு அது, தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது, காயிலோடு கால் வைக்கக் கூடாது. வேறெங்கே மண்ணில் புதைந்த பொருள் கிடைத்தாலும், பத்து ரூபாய்க்கு மேல் மதிப்பிருந்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். நேற்றுத் தொலைந்த நகை புதையல் ஆகாது, உடையவர் தெரியாவிட்டால் காவல் நிலையத்தில் ஒப்படைப்பதே முறை.

வேலை முடிந்ததும் காயிலின் அடிமூடியைக் கழற்றி நல்ல தண்ணீரில் கழுவுங்கள். இடுக்கில் ஒரு சிட்டிகைக் கருமணல் தங்கினாலும், அடுத்த தடவை காயிலை அசைக்கும்போதெல்லாம் பொய்ச் சத்தம் வந்துகொண்டே இருக்கும்.